ரங்கம்மாவின் கெட்ட மோர்

ரங்கம்மாவைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய தயிரிலிருந்து தொடங்க வேண்டும். வேறு எதிலிருந்து தொடங்கினாலும் வம்பில்தான் போய் முடியும். ஓசூரில் சிப்காட் வந்து, கம்பெனிச் சங்கு ஊதினால்தான் ஊருக்கே பசி எடுத்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட கூடத்தில் அவள் மெஸ் நடத்தினாள். குழம்பு சுமார். பொரியல் அதைவிடச் சுமார். ஆனால் தயிர் வந்துவிட்டால் அதற்கு முன்னால் இலையில் நடந்ததையெல்லாம் எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். கன்னடக்காரர் மொசரு என்றார், தெலுங்குக்காரர் பெருகு என்றார், திருநெல்வேலிக்காரன் தயிர் என்றான். மூன்று பெயரிலும் இரண்டாவது கரண்டி கேட்டார்கள்.

பிறந்தது வேப்பனப்பள்ளிப் பக்கம். பாவாடை கட்டிய நாளிலிருந்து அடுத்தவர் மாந்தோப்பில் காய் பொறுக்கி, கூடை சுமந்து, மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் புண்ணாகி வளர்ந்தவள். ஆஞ்சப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஓசூர் வந்ததும், இனி செத்தாலும் தோப்புக் கூலிக்குத் திரும்புவதில்லை என்று முடிவு கட்டினாள். ஆஞ்சப்பன் சுமை ஏற்றும் வேலைக்குப் போய் முதுகு பிடித்துக்கொண்டு சில மாதம் வீட்டில் உட்கார்ந்தபோது, இவள் அடுப்பை இரண்டாக்கி மெஸ் போட்டாள். அந்த மெஸ்தான் அவளுக்கும் மாந்தோப்புக்கும் நடுவில் நின்றது.

குறும்பு அவள் கூடவே பிறந்தது. உப்புக் குறைச்சல் என்று சொன்னவன் இலையில் உப்பைக் குவித்துவிட்டுச் சாதம் போடாமல் போய்விடுவாள். அவளை ‘ஏய், சமையல்காரி’ என்று கூப்பிட்ட ஒரு சூப்பர்வைசருக்கு அந்த வாரம் முழுக்க அப்பளத்தின் ஓரம் மட்டுமே கிடைத்தது. ஆஞ்சப்பன் மட்டும் இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான். அடித்துக்கொண்ட கையோடு அவள் நீட்டும் பையை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவான்.

தயிர் விஷயத்தில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். தயிர்ப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்க மாட்டாள். அதே மோரை ஊற்றி அலசிக் கவிழ்ப்பதோடு சரி. பானையின் ருசி பானையிலேயே ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. இன்னொன்று, அந்தச் சந்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் அவள் உறை கொடுப்பாளே தவிர, யார் வீட்டு உறையும் அவள் பானைக்குள் போகாது. உறை வாங்கிப் போன ஏனத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அவர்கள் மறுநாள் தங்கள் தயிரில் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள். ரங்கம்மா சிரித்த முகத்தோடு வாங்குவாள். அது நேராக மோர்க்குழம்புக்குப் போய்விடும்.

அவளிடம் உறை வாங்காதவள் அந்தச் சந்தில் ஒருத்திதான்: எதிர்த்த மெஸ் ஜோதியம்மாள். தர்மபுரிக்காரி. சாம்பாரைத் தாளித்தாள் என்றால் சந்து முனை வரைக்கும் ஆட்கள் மூக்கைத் தூக்குவார்கள். ஆனால் தயிர் மட்டும் தாய்வீட்டுத் தயிர்தான் வேண்டும் என்பாள். அது மத்தியானத்துக்குள் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். ஆகவே ஆட்கள் இரண்டு பக்கமும் பிரிந்து கிடந்தார்கள். நாக்கு சொன்னதைக் கேட்டவர்கள் ஜோதியம்மாளிடம், வயிறு சொன்னதைக் கேட்டவர்கள் ரங்கம்மாவிடம்.

இப்படி இருக்கையில் மாசி மாதம் ஒரு காலையில் ரங்கம்மா பானை மூடியைத் திறந்தாள். தயிரைக் காணவில்லை. பால் பாலாகவே இருந்தது. அடியில் கொஞ்சம் திப்பி, மேலே மங்கலாகத் தண்ணீர்.

முதலில் குளிர் என்று நினைத்தாள். அன்று இரவு இரண்டு கரண்டி உறை ஊற்றி, பானையைப் பழைய போர்வையில் சுற்றினாள். மறுநாள் அதே தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே நாலு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் ஊற்றினாள். இன்னும் மோசம். பிறகு ஆஞ்சப்பன் மேல் பாய்ந்தாள். கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் பால் கொண்டு வருபவன் அவன்.

“வழியில எந்த வாய்க்கால்ல எறங்கின? உண்மையச் சொல்லு.”

“ஏ ரங்கி, ஆண்டவன் மேல ஆணையா ஒரு சொட்டு தண்ணி கலக்கலடி. நீ வேணா கூட வந்து பாரு” என்றான் அந்த மனிதன். மறுநாள் அவளும் சைக்கிள் பின்னால் உட்கார்ந்துகொண்டு போய், மாட்டின் மடிக்கு நேரே குத்தவைத்துப் பார்த்தாள். பாலில் குற்றமில்லை. மடியில் குற்றம் இருக்கிறதா என்று அவள் குனிந்தபோது மாடு உதைத்தது.

மிளகாய் சுற்றிப் போட்டாள். பானைக்கு மஞ்சள் பூசினாள். கடைசியில் தன் இரண்டாவது பிடிவாதத்தையும் விட்டு, அக்கம்பக்கத்து வீடுகளில் உறை கேட்டாள். அவர்கள் வீட்டில் கட்டியாகத் தோய்ந்த தயிர், அவள் பானைக்கு வந்ததும் கரைந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டல் தயிரை ஊற்றிப் பார்த்தாள். அது நூல் நூலாகத் தொங்கியது. வேறு வழியில்லாமல், ஆஞ்சப்பனைப் பின்வாசல் வழியாக அனுப்பி, ஓட்டல் தயிரையே குடத்தில் வாங்கி வரச் சொல்லி, தன் தயிர் என்று பரிமாறினாள்.

சின்னராஜ் என்ற லேத் ஆபரேட்டர்தான் முதலில் கண்டுபிடித்தான். சாப்பாட்டில் கறார்ப் பேர்வழி. கரண்டியைத் தூக்கிப் பிடித்து, கீழே இறங்கும் நூலைப் பார்த்தான். மறுநாளிலிருந்து எதிர் மெஸ்ஸில் உட்கார்ந்தான். அவன் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். புளித்தாலும் அது தயிராகவாவது இருக்கிறதே என்றார்களாம். ரங்கம்மா மிஞ்சிய இலைகளை எண்ணிப் பார்த்தாள். இப்படியே போனால் கோடைக்குள் மெஸ்ஸை மூட வேண்டும். வேப்பனப்பள்ளித் தோப்புகளில் மாங்காய் சீசன் சரியாக அப்போதுதான் தொடங்கும்.

போகாமல் மிஞ்சியவர்களில் ஒருவன் ஜேம்ஸ். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பையன், கோழிக்குத் தடுப்பூசி செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைக்கூட வேலை. கிருமிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு வேண்டாம் அவனுக்கு. பேசாமல் சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் அவனைத் தனிப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். ரங்கம்மாவின் பானையைக் கேட்டு வாங்கி, கொஞ்சம் தண்ணீரைக் குப்பியில் எடுத்துப் போனவன், சில நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

“ஏக்கா, சந்தோசமான சேதி. ஒங்க தயிரை ஃபேஜ் தின்னுட்டு.”

“யாரு அவன்?”

“ஆளு இல்லக்கா. பாலைத் தயிராக்குறது ஒரு கிருமிலா? அந்தக் கிருமிக்கே நோய் வந்தா எப்படி இருக்கும்? அதுதான் இது. கிருமியத் திங்கிற கிருமி. கண்ணுக்குத் தெரியாததுக்கும் கண்ணுக்குத் தெரியாதது. உள்ள பூந்து, பெருகி, அதை வெடிக்க வச்சிட்டு அடுத்ததுக்குப் போயிரும்.”

“எப்பிடிப்பா என் பானைக்குள்ள வந்துச்சி?”

“தூசி, சாணி, பால், எதுலயும் வரும். வந்ததை நீங்கதான் சோறு போட்டு வளத்திருக்கிய. பானையச் சுத்தமாக் கழுவல. கெட்ட தண்ணியவே திரும்பத் திரும்பப் புதுப் பால்ல ஊத்துனிய. போதாக்கொறைக்கு இந்தத் தெரு முழுக்க உள்ளது ஒங்க வீட்டு உறை, ஒரே சாதிக் கிருமி. எந்த வீட்டுல வாங்கி ஊத்துனாலும் அதுக்கு விருந்துதான்.”

பிறகு அவன் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. ருசியாவில் இதைப் புண்ணுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்களாம். வெள்ளைக்காரன் ஒருவன் கன்றுக்குட்டிக் கழிச்சலுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறானாம். ஒவ்வொரு ஃபேஜும் தனக்கென்று உள்ள கிருமியை மட்டும்தான் தொடும், மனிதனை ஏறெடுத்தும் பார்க்காது. அதனால் என்றைக்காவது ஒரு நாள் கறியும் பாலும் கெடாமல் காக்க இதையே காவலுக்குப் போடுவார்கள் என்றான். ரங்கம்மா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. ஊற்றினால் தயிர் கெடும் என்ற ஒன்றை மட்டும் நன்றாக வாங்கிக்கொண்டாள்.

அவள் கண் எதிர் மெஸ் பக்கம் திரும்பியது. திரும்பாமல் இருந்திருந்தால் அவள் ரங்கம்மா இல்லை.

யுகாதி வந்தது. ஜோதியம்மாள் தமிழச்சிதான்; ஆனாலும் ஓசூரில் இருந்துகொண்டு யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளி சுடாமல் இருக்க முடியுமா? சுட்டு, ஒரு தூக்கில் வைத்து எதிர் வீட்டுக்கும் அனுப்பினாள். ரங்கம்மா ஒப்பட்டைச் சாப்பிட்டாள். நன்றாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. தூக்கை வெறுமனே திருப்பித் தரக்கூடாது அல்லவா? பானையிலிருந்த கெட்ட தண்ணீரில் ஓட்டல் மோரைக் கொஞ்சம் கலந்து, பார்வைக்குப் பழுதில்லாமல் செய்து, தூக்கில் ஊற்றி மூடினாள். மிச்சத்தை ஒரு டானிக் புட்டியில் அடைத்துப் பரண் மேல் வைத்தாள். எதிரி ஒருத்தியோடு முடிகிற உலகமா இது?

தூக்கைக் கொடுக்கும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு கருணை.

“ஜோதி, உன் தயிரு புளிக்குதுன்னு பசங்க சொல்லிக்கினு இருந்தாங்க. மனசு கேக்கல. என் மோரு இது. ரெண்டு கரண்டி உன் உறையோட சேத்து ஊத்திப் பாரு.”

“அய்யோ, உங்களுக்கு எம்மாம் நல்ல மனசுக்கா” என்றாள் ஜோதியம்மாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, எதிர் வீட்டுச் சமையலறையிலிருந்து அலறல் வருகிறதா என்று ரங்கம்மா காது கொடுத்தாள். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்து வந்தது சிரிப்புச் சத்தம். ஜோதியம்மாளின் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி தோய்ந்திருந்தது. அதுமட்டுமா? சித்திரை வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்த மத்தியானத்திலும் அது புளிக்கவில்லை. சாயங்கால ஷிப்டு முடித்து வந்தவனுக்கும் அதே தித்திப்பு. இனி அந்தச் சந்தில் நாக்குக்கும் வயிற்றுக்கும் சேர்த்து ஒரே மெஸ்தான். ரங்கம்மாவின் கூடத்தில் ஜேம்ஸும் அவன் தனிப் பலகையும் மட்டும் மிஞ்சினார்கள்.

“என்னாப்பா இது? கெட்டதைத்தானே ஊத்தினேன்?” என்று அவள் வாய்விட்டுவிட்டாள்.

ஜேம்ஸ் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டான். திட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவனோ கும்பிடாத குறைதான். “ஏக்கா, என்ன காரியம் பண்ணிருக்கிய! அவுங்க பானையில பல சாதிக் கிருமி கலந்து கெடக்கும். அதுல ஒண்ணு தோஞ்சபொறவும் நிக்காம புளிப்பை ஏத்திக்கிட்டே போற சாதி. ஒங்க ஃபேஜ் அதை மட்டும் பிடிச்சுத் தின்னுட்டு. மத்தது எல்லாம் பத்திரமா இருந்து தயிராக்குது. நான் அன்னைக்குச் சொன்னேம்லா, காவலுக்குப் போடலாம்னு? நீங்க போட்டுட்டிய!”

ரங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊரே புகழும் தயிர் அவள் கைவேலை. அதை வெளியே சொல்லி, என் மருந்துதான், திரும்பி வாருங்கள் என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் எதற்காக ஊற்றினாய் என்று கேட்பார்கள். புகழ் வேண்டுமென்றால் சூழ்ச்சியை ஒப்புக்கொள்ள வேண்டும். சூழ்ச்சியை மறைத்தால் மாந்தோப்பு. ஆஞ்சப்பன் ஏற்கெனவே வேப்பனப்பள்ளிக்குப் போய் அவள் அண்ணனிடம் சீசன் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருந்தான். அதை அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் இரண்டு நாளாகத் தேவையில்லாத விறகெல்லாம் பிளந்துகொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

நடுவில் ஜோதியம்மாள் குலதெய்வத் திருவிழாவுக்கென்று மெஸ்ஸைப் பூட்டிவிட்டுத் தர்மபுரி போனாள். போகும் முன் பாத்திரம் பண்டமெல்லாம் சோடாமாவு போட்டு வேகவைத்துக் கவிழ்த்தாள். வரும்போது தாய்வீட்டிலிருந்து புது உறை கொண்டுவந்தாள். மெஸ் திறந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடம் நிறைய ஆட்கள். சின்னராஜ் தயிரை வாயில் வைத்து ஒரு கண்ணை மூடினான்.

“என்னாங்கம்மா, பழையபடி புளிக்க ஆரம்பிச்சிடுச்சி?”

தன் வாசலில் நின்றிருந்த ரங்கம்மாவின் காதில் இது விழுந்தது. அதற்கு மேல் அவளை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. ஆஞ்சப்பன் கோடரியைக் கீழே போடுவதற்குள் அவள் சந்தைக் கடந்து எதிர்க் கூடத்தின் நடுவில் நின்றாள்.

“புளிக்காம என்னா செய்யும்? என் தண்ணிதான் தீந்துபோச்சே! இத்தினி நாளு நீங்க தித்திப்பா தின்னுக்கினு இருந்தீங்களே, அது யாரு வேலைன்னு நெனச்சீங்க? இவ வேலையா? என் வேலை! இவ தயிரு நாசமாப் போவணும்னு நான் ஊத்தின கெட்ட மோரு அது! அதுதான் புளிப்பை அடக்கி வெச்சிருந்துச்சி. வேணும்னா ஜேம்ஸைக் கேளுங்க!”

கூடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். கெடுப்பதற்கு ஊற்றினதாம், அது தயிரைக் காப்பாற்றியதாம்! ஜேம்ஸ் ஓடிவந்து ஃபேஜ் என்று தொடங்கினான். சிரிப்பு இன்னும் கூடியது. “பாவம், யாவாரம் போன வருத்தம்” என்று ஒரு பெரியவர் கன்னடத்தில் பக்கத்து ஆளிடம் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ரங்கம்மா பத்துப் பேர் முன்னால் முழு உண்மையைச் சொன்னாள், ஒருவனும் நம்பவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“நான் நம்பறேன்” என்றாள் ஜோதியம்மாள்.

சாம்பார் வாளியை வைத்துவிட்டு, ரங்கம்மாவைக் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

“உள்ள வாங்கக்கா. அன்னிக்கு நீங்க தூக்கைக் குடுக்கும்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சி. நல்ல மனசோட குடுத்தேன்னு இன்னிக்கு வந்து சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருக்கவே மாட்டேன். என்னைக் கெடுக்கத்தான் குடுத்தேன்னு சொன்னீங்க பாருங்க, அதுல பொய்யே இருக்காது. உங்களை எனக்குத் தெரியாதா?”

ரங்கம்மாவுக்குக் கோபப்படத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் தன்னை இப்படிச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒருவருமில்லை என்று பட்டது. அது அவமானம்தான்; ஆனாலும் நெஞ்சு லேசானது.

“தெரிஞ்சிக்கினேதான் அதை ஊத்தினியா?”

“மொதல்ல பூனைக்கு வெச்சிப் பாத்தேன். பூனை நல்லாத்தான் இருந்துச்சி” என்ற ஜோதியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் கெட்ட தண்ணி இன்னும் இருக்குதாக்கா?”

“இருக்குது. எனக்கு உன் தாய்வீட்டு உறை வேணும். தெருவுல என் உறை படியாத பானை உன்னுது ஒண்ணுதான்.”

“தண்ணியக் கொண்டாங்க, தரேன்.”

“உறையக் குடு, கொண்டாரேன்.”

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆஞ்சப்பனைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து டானிக் புட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். ஜோதியம்மாள் அதை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

“மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க” என்றாள்.

ரங்கம்மா ஜேம்ஸ் சொன்னதை நினைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக் குடித்தாள். குடித்துவிட்டு, வாயைத் துடைக்காமலே, உறைக் கிண்ணத்தை ஜோதியம்மாள் பக்கம் தள்ளினாள்.

“இப்ப நீ இதக் குடி.”

அவளும் குடித்தாள். தாய்வீட்டுப் புளிப்பில் அவள் கண்ணே மூடிக்கொண்டது. அதைப் பார்த்து முதலில் ரங்கம்மா சிரித்தாள். பிறகு இருவரும், வெளியே பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் ரங்கம்மா, கெட்ட மோர் ஊறிப்போயிருந்த தன் பானையிலேயே புதுப் பாலை ஊற்றி, எதிர் வீட்டு உறையை அதில் கலந்தாள். வேறொருத்தியின் உறை தன் பானைக்குள் இறங்குவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள். காலையில் மூடியைத் திறக்க ஆஞ்சப்பனைத்தான் அனுப்பினாள். அவன் பானையை அப்படியே சாய்த்துக் காட்டினான். ஒரு சொட்டு வழியவில்லை. அண்ணனிடம் வேலை விசாரித்த கதையை அவன் அப்போதுதான் அவளிடம் சொன்னான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆட்கள் திரும்ப வந்தார்கள். எல்லோரும் இல்லை, பாதிப் பேர். மெஸ் நடக்க அது போதும். சின்னராஜ் மட்டும் சந்தேகம் தீராமல் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் ரங்கம்மாவின் கூடத்தில் தயிரைக் குழைத்துக்கொண்டே தலையைத் தூக்கினான்.

“ஏம்மா, இது அச்சு அசலா ஜோதியம்மா தயிரு மாதிரியே இருக்குதே?”

“இருக்காதா பின்ன? அவளுக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்” என்றாள் ரங்கம்மா, சந்து முழுவதும் கேட்கும்படி.

எதிர் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த ஜோதியம்மாள் தலை நிமிரவில்லை.

“ஆமாங்க, அவங்கதான் கத்துக் குடுத்தாங்க. எப்பிடின்னு மட்டும் கேக்காதீங்க.”